வருமுன் காக்கும் பணி

மனிதரைத் தாக்கும் நோய்கள் இரு திறத்தன. ஒருவரைப் பற்றி அவரளவில் நின்று அடங்குவன ஒருவகை. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தாவி, ஊர்விட்டு ஊரும் நாடுவிட்டு நாடும் சென்று பரவுவன மற்றொருவகை. முன்னதற்கு நல்ல மருத்துவர் ஒருவர் போதும். நோயாளியின் நாடியைப் பார்த்து, நோயின் காரணத்தை ஆராய்ந்து, அதற்கேற்ற மருந்தை அவர் கொடுப்பார். பின்னதற்கோ மருத்துவர் மட்டும் போதார். அவர் ஒரு நோயாளிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நோய் பத்து வீடுகளைக் கடந்து சென்றுவிடும். ஆதலின், நோயாளியை மட்டுமன்றி நோய் செல்லும் வழியையும் பார்க்கவல்ல ஓர் அமைப்பு நாட்டுக்கு வேண்டும். அதுவே பொதுச் சுகாதாரத் துறை எனப்படுவது.

மருத்துவமனையின் பயன் யாவர் கண்ணுக்கும் தெரியும். நோயுடன் உள்ளே சென்றவர் நலமுடன் வெளியே வருகிறார், உற்றார் மகிழ்கின்றனர். பொதுச் சுகாதாரத் துறையின் பயனோ கண்ணுக்குத் தெரிவதில்லை. அது வெற்றி பெற்ற இடத்தில் நோய் இராது. நோய் இல்லாத இடத்தில் அத்துறையை நினைப்பாரும் இரார். அதனால், "இத்துறை எதற்கு? இதற்குச் செலவு ஏன்?" என்று அமைதிக் காலத்தில் வினவுவது உலக இயல்பாயிற்று. இவ்வினாவிற்கு வரலாறு பலமுறை விடை கூறியுள்ளது. அவ்விடைகளுள் மிகத் தெளிவான ஒன்று, சீன நாட்டின் வடகிழக்குப் பகுதியாகிய மஞ்சூரியாவில் கிடைத்தது. பத்தாண்டு இடைவெளியில் ஒரே கொள்ளைநோய் அங்கு இருமுறை தோன்றியது. முதன்முறை தோன்றியபோது அதனை எதிர்க்கும் அமைப்பு அங்கு இல்லை. இரண்டாம் முறை தோன்றியபோது இருந்தது. அவ்விரு காலங்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடு எண்ணிப் பார்க்கத் தக்கது.

நோயின் இரு வடிவங்கள்

பிளேக்கு என்னும் கொள்ளைநோய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகெங்கும் பரவத் தொடங்கியது. 1894-ஆம் ஆண்டில் அது ஹாங்காங் துறைமுகத்தில் பல்லாயிரவரை வருத்தியது. அங்குச் சென்று ஆராய்ந்த அலெக்சாந்தர் யெர்சின் என்னும் அறிஞர், அந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். 1896-ஆம் ஆண்டில் நோய் கப்பல் வழியே பம்பாய்க்கு வந்தது. அங்கிருந்து இந்திய நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்றது. எலியின் உடம்பில் வாழும் தெள்ளுப்பூச்சி கடிப்பதனால் இக்கிருமி மனிதர் உடம்பினுள் புகுகிறது என்னும் உண்மையும் அக்காலத்திலேயே அறியப்பட்டது.

எலித்தெள்ளினால் வரும் பிளேக்கில் தொடையிடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டும்; கடுங் காய்ச்சல் காணும். அவ்வகையில் நோயுற்றவருள் சிலர் பிழைப்பதுண்டு. அதே கிருமி நுரையீரலைப் பற்றுமாயின் அதன் இயல்பே மாறிவிடும். நோயாளி இருமுவான், சளியில் குருதி கலந்து வரும், இரண்டொரு நாளில் உயிர் பிரியும். அவன் இருமும்போது தெறிக்கும் நீர்த்துளிகளே அருகில் இருப்போருக்கு நோயைக் கொண்டு சேர்க்கும். இதற்கு எலியும் வேண்டா, தெள்ளும் வேண்டா, மூச்சுக் காற்றே போதும். இந்நாளில் காலம் தாழ்த்தாமல் கொடுக்கப்படும் மருந்துகள் இந்நோயைத் தீர்க்கின்றன. ஆனால் ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய அம்மருந்துகள் 1940-ஆம் ஆண்டிற்குப் பின்னரே கிடைத்தன. அதற்கு முன் நுரையீரல் பிளேக்கு கண்டவர் பிழைத்தல் மிக மிக அரிது.

மஞ்சூரியாவில் தோன்றிய கேடு

மஞ்சூரியாவிலும் அதனை அடுத்த மங்கோலியப் புல்வெளிகளிலும் டார்பகன் என்னும் விலங்கு வாழ்கிறது. அணில் இனத்தைச் சேர்ந்த இது, மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். இதன் மென்மயிர்த் தோலுக்குச் சாயம் ஏற்றினால் விலையுயர்ந்த வேறு தோல்போலத் தோன்றும். ஐரோப்பியச் சந்தையில் அதன் விலை ஏறியது. விலை ஏறவே, வேட்டைத் தொழிலை அறியாத ஏழை மக்கள் பலர் தென்பகுதிகளிலிருந்து அப்புல்வெளிகளுக்குத் திரண்டு சென்றனர். அவ்விலங்கிற்குப் பிளேக்கு நோய் வருவதுண்டு என்பதையும், ஓட முடியாமல் தள்ளாடும் டார்பகனைத் தொடலாகாது என்பதையும் புல்வெளியின் பழங்குடி வேட்டைக்காரர் வழிவழியாக அறிந்திருந்தனர். புதியவர்கள் அதனை அறியார். எளிதில் அகப்பட்ட நோயுற்ற விலங்குகளையும் அவர்கள் பிடித்துத் தோலுரித்தனர்.

1910-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், ருஷிய எல்லையை அடுத்த மஞ்சூலி என்னும் ஊரில் வேட்டைக்காரர் சிலர் இருமி, குருதி கக்கி மாண்டனர். அவர்களுடன் தங்கியிருந்தோர் அச்சங்கொண்டு இருப்புப்பாதை வழியே புறப்பட்டனர். நோயும் அவர்களுடன் புகைவண்டியில் ஏறியது. நவம்பர்த் திங்களில் அது ஹார்பின் நகரை அடைந்தது. அந்நகரின் ஒரு பகுதியாகிய பூஜியாடியனில் ஏறத்தாழ 24,000 மக்கள் தாழ்ந்த கூரையுடைய சிறு வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். கொடிய குளிர்காலம் அது. குளிருக்கு அஞ்சிக் கதவும் பலகணியும் அடைத்து, ஓர் அறையில் பலர் ஒருங்கே படுத்துறங்கினர். ஒருவன் இருமினால் அவ்வறையில் இருந்த அனைவருக்கும் அது கூற்றுவனின் அழைப்பாயிற்று.

அக்காலத்தில் மஞ்சூரியா பெயரளவில் சீனப் பேரரசிற்கு உரியது. ஆயினும் வடபகுதி இருப்புப்பாதை ருஷியர் கையிலும், தென்பகுதி இருப்புப்பாதை ஜப்பானியர் கையிலும் இருந்தன. ஓர் அரசின் கட்டளை மற்றோர் அரசின் தண்டவாளத்தில் செல்லாது. நோய்க்கோ எல்லை இல்லை. எல்லாத் தண்டவாளங்களிலும் அது தடையின்றிச் சென்றது. நோயை ஆராய ஓர் ஆய்வுக்கூடம் இல்லை. நோயாளியைத் தனியே வைக்க இடம் இல்லை. இன்ன ஊரில் இத்தனைபேர் மாண்டனர் என்று கணக்கெடுப்பாரும் இல்லை.

டாக்டர் வூ லியன்தே

இந்நிலையில் சீன அரசினர், டாக்டர் வூ லியன்தே என்பவரை ஹார்பினுக்கு அனுப்பினர். அவர் 1879-ஆம் ஆண்டு மலேயாவைச் சேர்ந்த பினாங்குத் தீவில் பிறந்தவர். அவர் தந்தை பொற்கொல்லர். பினாங்கில் பள்ளிக் கல்வியை முடித்துப் பரிசு உதவி பெற்று இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றார். பாரிசு நகரிலுள்ள பாஸ்டர் நிலையம் முதலிய இடங்களில் கிருமி ஆராய்ச்சியிலும் பயிற்சி பெற்றார். பின்னர்ச் சீன அரசின் அழைப்பை ஏற்று, டீன்ட்சின் நகரிலிருந்த படைத்துறை மருத்துவக் கல்லூரியின் துணைத்தலைவராகப் பணிபுரிந்தார்.

1910-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24-ஆம் நாள், ஒரு மாணவரை உதவிக்கு அழைத்துக்கொண்டு, ஒரு நுண்ணோக்கியுடன் அவர் ஹார்பினில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 31. வந்த மூன்றாம் நாளே, நோயினால் மாண்ட ஒரு பெண்ணின் உடலை அறுத்து ஆராய்ந்தார். பிணத்தை அறுத்தல் அந்நாட்டு வழக்கத்திற்கு முற்றும் மாறானது. ஆயினும் நோய் இன்னதென்று அறியாமல் தடுப்பு முறையை வகுத்தல் இயலாது என்று அவர் துணிந்தார். நுரையீரலிலும் குருதியிலும் பிளேக்குக் கிருமி நிறைந்திருந்தது. எலியினால் அன்றி மூச்சினாலேயே இந்நோய் பரவுகிறது என்னும் முடிவிற்கு அவர் வந்தார். ஊர்த் தலைவர்களை அழைத்து, நுண்ணோக்கியின் வழியே அக்கிருமியைக் காணுமாறு செய்தார்.

அவர் கூறியதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. பிளேக்கு என்றால் எலியினால் வருவது என்பதே அந்நாளைய மருத்துவ நூல்களின் முடிவு. பிரான்சு நாட்டைச் சேர்ந்த டாக்டர் மெனி என்பவர் வயதிலும் பதவியிலும் வூ லியன்தேயைவிட மூத்தவர். எலிகளை ஒழித்தலே தக்க வழி என்பது அவர் கொள்கை. முகமூடி அணியாமலே அவர் நோயாளிகளைச் சென்று பார்த்தார்; சில நாள்களில் நோய்வாய்ப்பட்டு, 1911-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 11-ஆம் நாள் உயிர் நீத்தார். அச்செய்தி நகரெங்கும் பரவியது. அதன்பின் முகமூடியை இகழ்வார் அரியராயினர்.

தடுப்பு முறைகள்

மருந்து இல்லாத நோயை எதிர்க்க அவர் கையாண்ட கருவிகள் மிக எளியன. முதலாவது, முகமூடி. இரண்டு மெல்லிய துணி மடிப்புகளுக்கு இடையே பஞ்சை வைத்து, மூக்கையும் வாயையும் மூடிப் பின்புறம் கட்டிக்கொள்ளும் வகையில் அது அமைந்தது. இதனை எவரும் சிறிய செலவில் செய்துகொள்ளலாம். மருத்துவர் முதல் பிணவண்டி இழுப்போர் வரை யாவரும் அதனை அணிய வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

இரண்டாவது, பிரித்து வைத்தல். பூஜியாடியன் நான்கு வட்டாரங்களாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மருத்துவ அதிகாரியும், அவர்கீழ் வீடுதோறும் சென்று பார்ப்போரும் அமர்த்தப்பட்டனர். மக்கள் தத்தம் வட்டாரத்திற்குரிய நிறச்சின்னத்தை அணிந்தனர்; சீட்டின்றி வட்டாரம் விட்டு வட்டாரம் செல்லுதல் தடுக்கப்பட்டது. நோயுற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவருடன் பழகியோரைத் தனியே தங்கவைக்க வீடுகள் போதாமையால், ருஷிய இருப்புப்பாதையினரிடம் சரக்கு வண்டிகளை இரவலாகப் பெற்று, அவற்றில் கணப்பு அமைத்து அவர்களைத் தங்கச் செய்தனர்.

மூன்றாவது, வழியை அடைத்தல். சீனப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. தொலைவில் வேலை செய்யும் கூலியாட்கள் ஆயிரக்கணக்கில் தத்தம் ஊர்களுக்குத் திரும்பும் காலம் அது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் திரும்புவோரைக் கண்டவர்கள் அந்த ஆவலை எளிதில் உணர்வர். அவர்களைச் செல்லவிட்டால் நோய் நாடெங்கும் செல்லும். எனவே சீன, ருஷிய, ஜப்பானிய அதிகாரிகள் மூவரும் இணங்கி, புகைவண்டிப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தினர். ஒருவரை ஒருவர் நம்பாத மூன்று அரசினரும் ஒரே ஒழுங்கிற்கு உட்பட்டது அந்நாளில் பெருஞ் செயலாகும்.

நம்பிக்கை என்னும் துணை

கட்டளை இடுதல் எளிது. மக்கள் அதனை மனமார ஏற்கச் செய்தல் அரிது. ஒரு வீட்டில் நோய் என்று தெரிந்தால் அவ்வீடு பூட்டப்படும். இருப்போர் சரக்கு வண்டிக்கு அழைத்துச் செல்லப்படுவர். இதற்கு அஞ்சிய சிலர் நோயாளிகளை மறைத்தனர். இறந்தவர் உடலை இரவோடிரவாகத் தெருவில் இட்டுச் சென்றனர். தடுப்புப் பணியினர்மீது கொண்ட அச்சம் நோய்மீது கொண்ட அச்சத்தினும் மிகுந்ததால் விளைந்த கேடு இது.

இத்தகைய கேட்டினை இந்திய நாடும் கண்டதுண்டு. 1897-ஆம் ஆண்டில் புனே நகரில் பிளேக்கு பரவியபோது, ஆங்கில அரசு படைவீரர்களை வீடுகளுக்குள் அனுப்பிச் சோதனையிட்டது. மக்களின் மானமும் வழிபாட்டு உணர்வும் அங்குப் பேணப்படவில்லை. மக்கள் கொதித்தனர், தடுப்புப் பணிக்குத் தலைவராயிருந்த அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். நோயைத் தடுக்க வந்த கை, மக்களைப் பகைத்துக்கொண்டால் நோயையும் தடுக்க இயலாது என்பதற்கு அது சான்று.

வூ லியன்தே இவ்வுண்மையை உணர்ந்தவர். பணியாளர் அணிந்த அதே முகமூடியுடன் அவரும் நோயாளிகளிடையே நடந்தார். புத்தாண்டு நாளில் வெடி கொளுத்துதல் சீன மக்களின் தொன்றுதொட்ட வழக்கம். அவ்வழக்கத்தை அவர் தடுக்கவில்லை. வெடியிலுள்ள கந்தகப் புகை வீட்டைத் தூய்மை செய்ய உதவும் என்று கூறி, வீட்டினுள்ளேயே வெடி கொளுத்துமாறு துண்டறிக்கை வெளியிட்டார். கந்தகப் புகை எவ்வளவு பயன் தந்ததோ, மக்கள் மனம் ஒன்றியமை அதனினும் பெரும்பயன் தந்தது.

எனினும் ஒரு செயலில் அவர் மக்களின் ஆழ்ந்த உணர்ச்சியை எதிர்க்கவேண்டியதாயிற்று. பனியினால் நிலம் பாறைபோல் இறுகிவிட்டமையால் புதைகுழி தோண்ட இயலவில்லை. நகரின் புறத்தே சவப்பெட்டிகளும் உடல்களுமாக 2,000-க்கு மேற்பட்டவை குவிந்து கிடந்தன. அவற்றை எரித்துவிட வேண்டும் என்று அவர் கருதினார். முன்னோரைத் தெய்வமாகப் போற்றும் அந்நாட்டில் உடலை எரித்தல் பெரும்பழியாகக் கருதப்பட்டது. தாமாகவே அதனைச் செய்துவிட அவர் துணியவில்லை. ஊர்த்தலைவர்களை அழைத்துச் சென்று அக்கொடிய காட்சியைக் காட்டினார். அவர்தம் இசைவைப் பெற்றார். அதன்பின் பேரரசின் ஆணையை வேண்டி எழுதினார். ஆணை வந்தது. 1911-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 31-ஆம் நாள், சீனப் புத்தாண்டிற்கு மறுநாள், அவ்வுடல்கள் எரிக்கப்பட்டன.

பிப்ரவரித் திங்களில் சாவுக் கணக்கு நாள்தோறும் இறங்கியது. மார்ச்சுத் திங்கள் முதல்நாள் ஹார்பினில் கடைசி நோயாளி காணப்பட்டார். மஞ்சூரியா முழுவதும் அடுத்த சில வாரங்களில் நோய் அடங்கியது. அதற்குள் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டுவிட்டனர். பூஜியாடியனில் மட்டும் நால்வருள் ஒருவர் இறந்தார் எனலாம். தடுப்புப் பணியில் ஈடுபட்ட மருத்துவர், மாணவர், காவலர், கூலியாட்கள் ஆகியோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அப்பணியிலேயே உயிர் துறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர், நோயாளிகளைச் சுமந்தும் உடல்களை அகற்றியும் உழைத்த எளிய மக்கள். அவர்தம் பெயர்கள் வரலாற்றில் இடம்பெறவில்லை. அவர்தம் தொண்டு இடம்பெற்றுள்ளது.

நோய் நீங்கியபின்

பெருந்துன்பம் நீங்கியதும் மக்கள் அதனை மறக்க விரும்புவர். அரசினரும் வேறு அலுவல்களில் மூழ்குவர். வூ லியன்தேயின் பெருமை, அந்நேரத்தில் அவர் மறவாமல் இருந்ததே ஆகும். 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் முக்டன் நகரில் பன்னாட்டுப் பிளேக்கு மாநாடு கூடியது. பதினொரு நாடுகளின் அறிஞர்கள் அதில் கலந்துகொண்டனர். வூ லியன்தே தலைமை தாங்கினார். கொள்ளைநோயை எதிர்க்க நிலையான அமைப்பு வேண்டும் என்னும் கருத்து அம்மாநாட்டில் வலியுறுத்தப்பட்டது.

அதே ஆண்டின் இறுதியில் சீனத்தில் புரட்சி தோன்றியது. 1912-ஆம் ஆண்டில் பேரரசு வீழ்ந்து குடியரசு மலர்ந்தது. ஆட்சி மாறிய அக்குழப்பத்தின் நடுவிலும், வட மஞ்சூரியப் பிளேக்குத் தடுப்புப் பணி என்னும் அமைப்பு அவ்வாண்டிலேயே நிறுவப்பட்டது. சுங்க வருவாயிலிருந்து அதற்குப் பொருள் ஒதுக்கப்பட்டது. தலைமையிடம் ஹார்பின், தலைவர் வூ லியன்தே. எல்லைப்புற ஊர்களிலும் ஆற்றுத் துறைகளிலும் மருத்துவமனைகள் அமைக்கப்பட்டன.

கொள்ளைநோய் இல்லாத காலத்தில் இவ்வமைப்பு சோம்பியிருக்கவில்லை. அதன் மருத்துவமனைகளில் அன்றாட நோய்களுக்கு மருத்துவம் செய்யப்பட்டது. அதனால் மக்கள் அம்மருத்துவர்களை அறிந்தனர். மருத்துவரும் அவ்வூர் மக்களை அறிந்தனர். 1919-ஆம் ஆண்டில் ஹார்பினில் காலரா பரவியபோது அம்மருத்துவமனைகளே நோயாளிகளைத் தாங்கின. ஆய்வுக்கூடத்தில் நோய்க்கிருமிகள் ஆராயப்பட்டன. ஒவ்வொரு காலத்தும் கண்டவற்றையும் செய்தவற்றையும் அறிக்கையாக எழுதி வெளியிட்டனர். கோடையில் ஏரியில் நீர் இல்லை என்று கரையைக் கவனியாது விடும் ஊர், மழைக்காலத்தில் வெள்ளத்தைத் தாங்காது. நீர் இல்லாத நாளில் கரையைக் காத்து நிற்பதே இவ்வமைப்பின் பணியாயிருந்தது.

இரண்டாம் வருகை

1920-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவ்வெள்ளம் வந்தது. ஹைலார் என்னும் ஊரில் மீண்டும் பிளேக்கு தோன்றியது. அக்காலச் சீனம் அமைதியாயிருந்தது என்று கூற இயலாது. படைத்தலைவர்கள் நாட்டைப் பங்கிட்டுக்கொண்டிருந்தனர். ருஷியாவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. எல்லைப்புறத்தில் ஏதிலிகள் நிறைந்திருந்தனர். சூழ்நிலை முன்னினும் கடுமையானது. ஆனால் இம்முறை தந்தி சென்ற இடத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் இருந்தனர். நோயாளியை வைக்க மருத்துவமனை இருந்தது. நோய் இன்னது என்று அறிய மூன்று நாள் தேடவேண்டிய நிலை இல்லை. முகமூடி ஏன் என்று வழக்காடவேண்டிய தேவையும் இல்லை.

அவர்தம் முயற்சி இடையூறின்றி நடந்தது என்று எண்ணலாகாது. தனியே வைக்கப்பட்டிருந்த சிலரைப் படைவீரர்கள் வலிந்து விடுவித்துவிட்டனர். அவருள் நோய் தொற்றியிருந்தோர் டாலைநோர் நிலக்கரிச் சுரங்கத்திற்குச் சென்று சேர்ந்தனர். நிலத்தடிக் குடியிருப்புகளில் நெருங்கி வாழ்ந்த சுரங்கத் தொழிலாளரிடையே நோய் தீப்போல் பரவியது, பலர் மாண்டனர். அங்கிருந்து ஹார்பினுக்கும் நோய் சென்றது. ஆயுதம் தாங்கியோர் செய்த ஒரு தவற்றினால் எத்தனையோ பேரின் உழைப்பு வீணாயிற்று.

ஆயினும் 1921-ஆம் ஆண்டின் இடையில் நோய் அடங்கியபோது, இறந்தோர் தொகை ஏறத்தாழ 9,000 அளவில் நின்றது. முன்பு மாண்டோர் 60,000. இவ்வேறுபாட்டிற்கு வேறு காரணங்களும் உடன்நின்றிருக்கலாம்; எல்லாப் புகழையும் ஓர் அமைப்பிற்கே உரிமையாக்குதல் ஆராய்ச்சி நெறி ஆகாது. ஆனால் போரும் பஞ்சமும் சூழ்ந்த ஒரு நாட்டில், முன்னையினும் குழப்பம் மிகுந்த ஒரு காலத்தில், நோய் முன்போல் பெருகிச் செல்லாமைக்கு அவ்வமைப்பின் முன்னேற்பாடு ஒரு பெருங் காரணம் என்பதை மறுத்தல் இயலாது. 1912-ஆம் ஆண்டிற்கும் 1920-ஆம் ஆண்டிற்கும் இடையில், "பிளேக்கு இல்லையே, இவ்வமைப்பு எதற்கு?" என்று கூறி அதனைக் கலைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கலாம்.

பின்னர் நிகழ்ந்தவை

1931-ஆம் ஆண்டில் ஜப்பானியப் படை மஞ்சூரியாவைக் கைப்பற்றத் தொடங்கியது. இருபது ஆண்டு வளர்ந்த அத்தடுப்புப் பணி அதனோடு முடிவுற்றது. வூ லியன்தே ஷாங்காய் நகரிலிருந்து சீனத் துறைமுகங்களின் நோய்த்தடுப்புத் துறையை நடத்தினார். 1937-ஆம் ஆண்டில் போர் மூண்டபின் மலேயாவிற்குத் திரும்பி, ஈப்போ நகரில் எளிய மருத்துவராக மக்களுக்குத் தொண்டாற்றினார். 1960-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், தாம் பிறந்த பினாங்கிலேயே காலமானார்.

நோய்க்கு எல்லை இல்லை என்பதை மஞ்சூரியாவின் இருப்புப்பாதைகள் மூன்று அரசினருக்கு உணர்த்தின. அவ்வுணர்வு வளர்ந்து உலகு தழுவியபோது, 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் தோன்றியது. ஒரு நாட்டில் தோன்றும் நோயைப் பிற நாடுகளுக்கு அறிவித்தலும், எச்சரித்தலும், ஒருங்கு செயற்படத் தூண்டுதலும் அதன் பணிகளுள் அடங்கும். கொரோனா நோய் பரவத் தொடங்கிய 2020-ஆம் ஆண்டில், ஜனவரி 30-ஆம் நாள் அந்நிறுவனம் உலகளாவிய நெருக்கடிநிலையை அறிவித்தது. மார்ச்சு 11-ஆம் நாள் அந்நோயைப் பெருந்தொற்று என்று கூறியது. அறிவியல் எவ்வளவோ வளர்ந்திருந்த காலம் அது. ஆயினும் தடுப்பூசி கிடைக்கும் வரை உலகம் கைக்கொண்ட வழிகள் யாவை? முகமூடி அணிதல், நோயுற்றோரைப் பிரித்து வைத்தல், பழகியோரைத் தேடிக் காணுதல், பயணத்தைக் கட்டுப்படுத்துதல் ஆகியவையே. பூஜியாடியனில் நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு முன் கையாளப்பட்ட வழிகளும் இவையே அல்லவா?

கடமைகள் நான்கு

இவ்வரலாற்றினால் பொதுச் சுகாதாரத் துறையின் கடமைகள் நான்கு என்பது விளங்கும். நோய் இன்னது, அது செல்லும் வழி இன்னது என்று ஐயமற அறிதல் முதற்கடமை. அறிந்ததை மறையாமலும் மிகைப்படுத்தாமலும் மக்களுக்குக் காலத்தில் கூறுதல் இரண்டாவது. மக்களின் மானத்தையும் வழக்கத்தையும் மதித்து, அவர்தம் நம்பிக்கையைப் பெற்றுச் செயற்படுதல் மூன்றாவது. நோய் இல்லாத நாளிலும் விழிப்புடன் நிற்றல் நான்காவது. இவற்றுள் கடைசியே மிகவும் அரியது. ஏனெனில் அதற்குப் பாராட்டு இல்லை.

கடமை அத்துறைக்கு மட்டும் உரியதன்று, மக்களுக்கும் உண்டு. நோயை மறைத்தவர் தம் வீட்டைக் காப்பதாக எண்ணி ஊரைக் கெடுத்தனர். காவலை மீறி விடுவித்தவர் சிலருக்கு இரக்கம் காட்டுவதாக எண்ணிப் பலரைக் கொன்றனர். உண்மையைக் கூறுதலும், சிறிது காலம் துன்பம் பொறுத்தலும், வதந்தியைப் பரப்பாதிருத்தலும் ஒவ்வொரு குடிமகனும் செய்யத்தக்க தொண்டாகும். அமைதிக் காலத்தில் வீடுதோறும் வந்து தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கும் சுகாதாரப் பணியாளரையும், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி இடும் செவிலியரையும் மதித்து ஒத்துழைத்தல் அத்தொண்டின் தொடக்கம்.

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. வெள்ளம் வந்தபின் மண்சுமப்போரை ஊர் வாழ்த்தும். வருமுன் சுமந்தவரை ஊர் அறியாது. ஆனால் அவர் கட்டிய கரையின் பின்னேதான் ஊர் உறங்குகிறது.